எழிலரசியின் நிறம்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் மாதவராஜுக்கு ஒரு கைப்பழக்கம். எந்த முகம் கம்ப்யூட்டரில் ஏறினாலும் முதலில் அதை வெளுப்பாக்கிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பான். யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே செய்தால்தான் இந்த ஊரில் ஸ்டூடியோ ஓடும்.

அன்று காலை பச்சியப்பன் வந்து மேசைமேல் ஒரு போட்டோவை வைத்தார். அவருடைய மூத்த மகள் எழிலரசி. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க இரண்டு வருஷத்துக்கு முன் மாதவராஜ் எடுத்த படம்.

"பாப்பா போயிட்டா தம்பி. வர்ற வெள்ளிக்கெழம காரியம். படம் தொறக்கணும்."

மாதவராஜ் எழுந்து நின்றுவிட்டான். "என்னங்க ஆச்சு?"

"கிட்னி ரெண்டும் போயிடுச்சுங்க."

நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணை நேரில் பார்த்ததும் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் இந்தப் படத்தைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, யாரோ விற்ற பேர் தெரியாத க்ரீமைத் தினமும் இரண்டு வேளை பூசினாள். அதில் பாதரசம் இருந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

"இந்தக் கலருக்கு வரணும்னுதான் பூசுனா. இது எம் புள்ள இல்லீங்க. அவ நெறத்துலயே ஒண்ணு போட்டுக் குடுங்க. அவங்கம்மா அதத்தான் கேக்கறா."

குரலில் கோபமே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் மாதவராஜுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

பழைய ஃபோல்டரைத் திறந்தான். ஒரே ஒரு ஃபைல். வெளுத்த படத்தையே ஒரிஜினல்மேல் சேவ் செய்து வைத்திருந்தான். இடத்தை அடைக்கிறது என்று எல்லாருக்கும் அப்படித்தான் செய்வான். அந்தப் பெண்ணின் நிறத்தை அவன் கையே அழித்திருந்தது. வெட்கக்கேடு.

அதைச் சொன்னபோது பச்சியப்பன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். "வெயில் படாத எடமுங்க இது. அவ அச்சு அசல் இந்த நெறம்."

திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, அவர் தோளைப் பார்த்துப் பார்த்து நிறத்தை இறக்கி, நாலு விதமாகப் பிரிண்ட் போடத் தருமபுரி லேபுக்கு அனுப்பினான். நாலும் ஒரே வெளுப்பாகத் திரும்பி வந்தன.

"கறுப்பா இருந்துச்சுண்ணே. நானே தூக்கிவுட்டுட்டேன்" என்றான் லேப்காரன் போனில். இத்தனை வருஷம் அதற்காகவே அவனை மெச்சியவன் மாதவராஜ்.

மறுநாள் பச்சியப்பனையும் கூட்டிக்கொண்டு நேரில் போனான். எதையும் தொடாதே, அனுப்பியதை அப்படியே போடு என்று மெஷின் பக்கத்திலேயே நின்றான். வந்த பிரிண்டுகளை டியூப்லைட்டில் பார்க்காமல் வெயிலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அவர் தோள்மேல் வைத்தான். மூன்றாவது படத்தில் எழிலரசியின் கன்னமும் அவர் தோளும் ஒரே நிறமாக இருந்தன. பச்சியப்பன் நடுரோடு என்றும் பாராமல் அழுதார்.

அதையே பெரிதாகப் போட்டு, சட்டம் கட்டி, வெள்ளிக்கிழமை அவனே கொண்டுபோய் மாட்டினான். துணியை விலக்கியதும் தாய் கண்ணம்மாள் கன்னத்தைத் தடவி, "வந்துட்டியா சாமி" என்றாள். மாதவராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாப்பாடு முடிந்ததும் எழிலரசியின் தாய்மாமன் முனியப்பன், அவனையும் பச்சியப்பனையும் ஓரமாக அழைத்தார்.

"படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா சின்னவ யுவராணி வூட்ல இருக்கறா. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல மொதல்ல இதானே படும்? அக்காளே இப்படின்னா தங்கச்சி எப்படியோன்னு வாசலோட போயிடுவாங்க. கொஞ்சம் வெளுப்பா வேற ஒண்ணு மாட்டிடலாம் மாமா."

கதவோரம் இலை எடுத்துக்கொண்டிருந்த யுவராணி குனிந்தபடியே நின்றாள்.

மாதவராஜ் பச்சியப்பனைப் பார்த்தான். இந்த மனுஷன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நம்பினான். பச்சியப்பன் சின்ன மகளைப் பார்த்தார். துண்டை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"அந்தப் பழைய ஃபைல் இருக்குதில்லீங்க தம்பி?"

இல்லை என்று சொல்லத்தான் மாதவராஜ் வாயைத் திறந்தான்.

"இருக்குதுங்க" என்றான்.