ஆறு வயதுக்கு ஒரு கிலுகிலுப்பை

பொம்மைக் கடையில் அவளுக்கு 'வயசக்கா' என்று பெயர். பொம்மை கேட்டு யார் வந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் கேள்வி, "குழந்தைக்கு என்ன வயசு?" என்பதுதான். பதில் வராமல் அலமாரிப் பக்கம் கையையே நீட்டமாட்டாள். கரடிப் பொம்மையின் கண்ணை நகத்தால் நெம்பிப் பார்ப்பாள், காரின் சக்கரத்தைப் பிடுங்கிப் பார்ப்பாள், பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பேசுகிற ரோபோ வேண்டும் என்று எந்த அப்பனாவது வந்து நின்றால் தொலைந்தான். "அது உங்களுக்கா, குழந்தைக்கா?" என்று கேட்டே விடுவாள்.

"வேலைக்கு ஆள் எடுக்கிறவன்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டான்" என்பது அவள் புருஷனின் நிரந்தரக் கிண்டல்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு ஒரு குழந்தை வந்தால் கேட்க வேண்டுமா? பெற்றதல்ல. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை என்றான பிறகு, குழந்தைகள் இல்லம் ஒன்றில் பேர் பதிந்து, காத்துக் காத்துக் கிடைத்தவள். ஆறு வயது. அதிலும் ஒரு கொக்கி இருந்தது. மாதக் கடைசியில் இல்லத்து வார்டனம்மா வந்து பிள்ளையிடமே நேராகக் கேட்பார்: இங்கேயே இருக்கிறாயா, திரும்பி வருகிறாயா? அந்த ஒரு பதிலை நினைத்து வயசக்கா தினமும் காலண்டரில் நாளை எண்ணினாள்.

ஆறு வயதுக்கு எது சரி என்று அவளுக்கா தெரியாது? விளிம்பு உரியாத கெட்டி அட்டையில் படப்புதிர், பிசிறில்லாத கட்டைகள், கண்ணைப் பொத்தானாக வைக்காமல் நூலால் தைத்த துணிப்பொம்மை என்று பார்த்துப் பார்த்து வாங்கினாள். "யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள். சின்னவள் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் பெட்டியில் வைத்து மூடிச் சுவரோரம் அடுக்கிவிட்டாள்.

"விளையாடலையா கண்ணு?"

"யாராவது வந்தா எடுத்துக்கலாம்."

இல்லத்தில் அப்படித்தான் பழக்கம் போலிருக்கிறது. பார்க்க ஆள் வந்தால் பொம்மைகள் வெளியே வரும், அவர்கள் போனதும் பூட்டுக்குள் போய்விடும். வயசக்காவைக் கூப்பிடவும் சின்னவளிடம் ஒரு சொல் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பிள்ளையைக் கடைக்கே கூட்டி வந்தாள். ஆள் வராத மத்தியானம். கண்ணாடியில் வழிந்த மழையின் நிழல் பொம்மைகள் மேலெல்லாம் ஊர்ந்தது. தொங்கவிட்ட விமானங்கள் காற்றே இல்லாமல் மெல்லச் சுற்றின. அந்த அரைவெளிச்சத்தில் சின்னவள் தூக்கத்தில் நடப்பவள் போல நடந்தாள். ஆறு வயது அலமாரியைத் தாண்டினாள், நான்கைத் தாண்டினாள், இரண்டையும் தாண்டினாள். கடைசியில் கைக்குழந்தைகளுக்கான கீழ்த்தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மரக் கிலுகிலுப்பையை எடுத்துக் காதோரம் ஆட்டினாள். உள்ளே மணிகள் உருண்ட சத்தத்தில் அவளுக்குக் கண் சொக்கியது.

பில் போடுகிற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். "என்னக்கா, உங்க சட்டம் உங்க வீட்டிலேயே செல்லாது போலிருக்கே."

வயசக்காவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அது ஆறு மாசப் பாப்பாவுக்கும்மா. நீ பெரியவ இல்ல?" என்று வாங்கித் தட்டில் வைத்தாள். சின்னவள் அடம் பிடிக்கவில்லை. கேட்டதும் விரல்களைத் திறந்து கொடுத்துவிட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. தரையில் புரண்டு அழுதிருந்தால்கூடத் தேவலை.

ஆறு மாதத்தில் இந்த முகத்துக்கு நேரே யார் கிலுகிலுப்பை ஆட்டியிருப்பார்கள்? ஒருத்தரும் இல்லை. அந்த வயது இவளுக்கு வரவே இல்லை. இது தெரியாமல் ஆறு, ஆறு என்று அலமாரியைக் கலைத்தேனே, மக்கு, மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைத் திரும்ப எடுத்தாள். பழக்கம் விடுமா? காம்பை முறுக்கிப் பார்த்தாள், ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் பில் போடச் சொன்னாள்.

வீட்டில் சின்னவள் கட்டிலில் மல்லாந்து, கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிலுகிலுப்பையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அதைக் கையிலிருந்து நழுவவிட்டாள். கீழே விழுந்ததை வயசக்கா எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விட்டாள். மறுபடி கொடுத்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. வீடும் தெருவும் எங்கோ நகர்ந்து போய், அந்த அறை மட்டும் மிதப்பது போலிருந்தது.

புருஷன் கதவோரம் வந்து நின்றான். "ஆறு வயசுக்குக் கிலுகிலுப்பையா? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே."

"இப்போதைக்கு அவளுக்கு ஆறு மாசம். சத்தம் போடாம போய் டீ போடுங்க."

அவன் போனதும் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வார்டனம்மா வந்து கேட்டா என்ன சொல்லணும்?"

இருக்கிறேன் என்று சொல்லேன் என் தங்கமே என்று நாக்கு நுனிவரை வந்ததை வயசக்கா விழுங்கிக்கொண்டாள். "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

சின்னவள் கிலுகிலுப்பையை ஒருமுறை ஆட்டினாள்.

"பாப்பாவுக்குப் பேச வராதே," என்றாள். "அம்மாதான் சொல்லணும்."

கிலுகிலுப்பை மறுபடி விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது கைக்குக் கிடைத்த பிறகும், கிடைக்காதவள் போலக் கட்டிலுக்கடியிலேயே கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தாள்.