குறிலில் ஒருவன், நெடிலில் இருவர்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கிரேக்கத்தில் படைப்பவனுக்கு ‘பொய்யேத்தேஸ்’ என்று பெயர். எடுத்த எடுப்பிலேயே பொய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அதோடு சரி.

2

ஓர் அச்சகத்துக்காகக் கணவனும் மனைவியும் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறார்கள். அவள் மூலப்பிரதியை வாய்விட்டு வாசிப்பாள். அவன் அச்சுத்தாளைப் பார்ப்பான். மேசைக்கடியில் மகள் உட்கார்ந்து அப்பாவின் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பாள். அந்தக் குழந்தைக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து –

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவளைச் சாகவிட்டவன் நான்தான். கதைக்கு வேண்டியிருந்தது என்று சொல்ல வாய் கூசுகிறது.)

3

அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அவன் தனியாக, கண்ணாலேயே திருத்தினான். கிரேக்க இலக்கணப் புத்தகம் ஒன்றில் அந்தச் சொல்லின் வேற்றுமை அட்டவணை வந்தது. படைப்பவன், படைப்பவனுக்கு, படைப்பவனை என்று இறங்கி, கடைசியில் ποιητά. பக்கத்துக் கட்டத்திலும் அதே ποιητά. தவறி இரண்டு முறை விழுந்துவிட்டது என்று நினைத்து, மழுங்கிய பென்சிலால் இரண்டாவதை அடித்தான்.

பிறந்த வீட்டுக்கே போய்விடுவது என்று பையோடு கிளம்பியவள், சாவியை மேசையில் வைக்கும்போது அதைப் பார்த்தாள்.

“இத ஏன் அடிச்சீங்க?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“எழுத்துதான் ஒண்ணு. மூலத்துல ஓரமா எழுதியிருக்காங்க பாருங்க. குறிலா ‘பொய்யேத்த’ன்னா, படைச்சவனேன்னு கூப்பிடறது. நெடிலா ‘பொய்யேத்தா’ன்னா, படைச்சவங்க ரெண்டு பேர். வாய்விட்டு வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“வாசிக்க யாரு இருக்கா?”

4

பையை இறக்கி வைத்தாள் என்று எழுதினேன். ரொம்பத்தான் இனித்தது, அடித்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள் என்று எழுதினேன். அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதையும் அடித்தேன். ஆகவே அவள் நிற்கிறாள், பை கையில்தான் இருக்கிறது. அவன் பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிறான்.

“ஒரே ஒரு தடவ வாசி. போறதுன்னா அப்புறமா போ.”

குறிலாக வாசித்தால் அவள் கூப்பிடுவது என்னை. குழந்தை எங்கே என்று கேட்பாள். நெடிலாக வாசித்தால், அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நான் எழுத்தை மட்டும்தான் வைக்க முடியும். சத்தம் உங்களுடையது. தயவுசெய்து வாய்விட்டே வாசியுங்கள், அவன் காத்திருக்கிறான்.

ποιητά