இருபத்து மூன்றாம் பிழை

1

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததால் உயர்ந்தது என்பார்கள். இல்லை. அடுத்தவன் செய்த தவறைக் கண்டுபிடித்த அன்றுதான் அது முதன்முதலாக நிமிர்ந்து நின்றது.

இந்த மகா வாக்கியத்தை எழுதி முடித்து, அதன் அழகில் சொக்கிக் கண்ணாடி முன் போய் நின்றபோது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது. காலையிலிருந்து அப்படியே கடைத்தெருவெல்லாம் சுற்றியிருக்கிறேன்.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தத்துவத்தில் பிறக்கவில்லை, நான்கு தாளில் பிறந்தது. 1975-இல் மாண்ட்ரியல் நகரத்தில் மவுண்ட் ராயல் முத்தமிழ்ப் பேரவை (இருபத்தேழு குடும்பங்கள், பதினெட்டுப் பதவிகள்) சுற்றுக்கு விட்ட சைக்ளோஸ்டைல் தாள்கள் அவை. தலைப்பு: ‘ஒரு பேஸ்பால் நகைச்சுவைப் படத்தில் கண்ட நாற்பத்தொரு பிழைகள் – ஓர் ஆய்வு’. ஆய்வாளர்: பொறியாளர் கோவிந்தராஜன். மரியாதையோடு படித்துக்கொண்டே போனேன். 22-க்குப் பிறகு 24 வந்தது.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. கோவிந்தராஜன் ஜன்னலருகே நின்று தாயகத்தை—’

வேண்டாம். கனடாவில் தமிழன் ஜன்னல் பக்கம் போனாலே பனி பெய்தாக வேண்டும் என்று கதைகளில் ஒரு சட்டம் இருக்கிறது. அதை நான் மீறுகிறேன்.

அடுத்தது: ‘கோவிந்தராஜன் அடக்கமானவர். தன்னைப் பற்றி ஒருபோதும்—’ இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பந்திலிருந்து தொடங்குகிறேன். மாண்ட்ரியலின் அஹுன்ட்சிக் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. கூடத்தில் டெலிவிஷன். அதன்மேல் ஒரு எவர்சில்வர் செம்பு. செம்பின் வாயில் ஒரு வெள்ளைப் பந்து. (முதலில் வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தில்தான் வைத்துப் பார்த்தார்கள். பந்து உள்ளே இறங்கவில்லை.) வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் கதை வரும். 1969 ஏப்ரல். நகரத்துக்கென்று சொந்த அணி வந்த முதல் வருஷம். ஜாரி பூங்கா மைதானம். மட்டையில் பட்டுத் தெறித்த பந்து பார்வையாளர் பக்கம் பறந்து வந்தது. ஒற்றைக் கையில் பிடித்தார்.

“சேப்பாக்கத்துல பழகின கை. கூட்டத்துக்குள்ள வர்ற பந்து பிடிச்சவனுக்குத்தான் சொந்தம். அது பேஸ்பாலோட தர்மம்,” என்பார். இந்த ஒரு பந்தினால்தான் அவர் இருபத்தேழு குடும்பங்களுக்கும் பேஸ்பால் அதிகாரி ஆனார்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி சியாமளா. நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பந்தைப் பிடித்தது உண்மை. பிடித்த கையோடு, சேப்பாக்கத்தில் கனவான்கள் செய்வதுபோல, பவ்யமாக அதை மைதானத்துக்குள் திருப்பி வீசிவிட்டார். கிரிக்கெட்டில் பந்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் அல்லவா? சுற்றிலும் நூறு பேர் தலையில் கை வைத்தார்கள். பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரக் கிழவர் “பூர்க்வா, மொஸ்யூ?” என்று, ஏன் ஐயா இப்படிச் செய்தாய் என்று, அழாத குறையாகக் கேட்டார். சியாமளா சிரித்துச் சிரித்து முன்னால் குனிந்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது மெட்ரோ ரயிலில்தான் பேஸ்பாலின் தர்மம் அவருக்குத் தெரியவந்தது. இரண்டு நாள் கழித்து விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து ஒரு பந்தோடு வீட்டுக்கு வந்தார். சியாமளா அதை வைக்கக் கிண்ணம் தேடிக் கொடுத்தாள். காபி கலக்கும்போதே சரியான இடத்தில் தலையாட்டவும் பழகிக்கொண்டாள். ஆறு வருஷம்.

4

(மூன்றைக் காணோமே என்று விரல் மடக்கி எண்ணியவர்கள் கோவிந்தராஜனுக்குச் சொந்தக்காரர்கள். மூன்றில் அவருடைய இளமையை எழுதியிருந்தேன். யாருக்கும் நஷ்டமில்லை.)

படத்துக்கு நான் மூன்று பெயர் வைத்து மூன்றையும் அடித்துவிட்டேன். பெயர் தேவையில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணி, குடிகாரப் பயிற்சியாளர், கடைசியில் வெற்றி. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு கோவிந்தராஜன் மனைவியோடு போனார். கையில் நோட்டுப் புத்தகம், பேனா அளவுக்கு ஒரு டார்ச் விளக்கு. சிரிக்க வந்த கூட்டத்தில் அவர் மட்டும் தணிக்கைக்கு வந்தவர்போல இருந்தார்.

பிழைகளுக்கும் குறைவில்லை. கதாநாயகன் காலில் கட்டுப்போட்டிருக்கிறான். ஓடும்போது அது வலது கால், வந்து சேரும்போது இடது கால். ஒன்பது பேர் நிற்க வேண்டிய மைதானத்தில் ஒரு காட்சியில் பத்துப் பேர். ஆட்டத்தின் ஏழாம் சுற்றுக்குப் பிறகு ஸ்கோர் பலகை ஐந்தாம் சுற்று என்கிறது. பதினேழாவது பிழை: கதை நடப்பது ஜூலை மாதம் என்கிறார்கள், பார்வையாளர்கள் ஓவர்கோட்டோடு நடுங்குகிறார்கள்.

அந்தப் பதினேழிலேயே அவர் ஒரு விநாடி நின்று யோசித்திருக்கலாம். கூட்டத்துக்கு ஆள் பிடிக்கச் செலவாகும் என்று தயாரிப்பாளர், யாரோ 1969 ஏப்ரலில் ஜாரி பூங்காவில் எடுத்துவைத்த பழைய படச்சுருளை இடையிடையே ஒட்டியிருந்தார்.

அதில்தான் வந்தது. பழுப்புக் கோட்டுக்காரர்* ஒருவர் பந்தைப் பிடிக்கிறார். திருப்பி வீசுகிறார். இரண்டு விநாடி. உடனே கோவிந்தராஜன் குனிந்து, டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு, எழுதலானார்:

‘பிழை 23. கூட்டத்திலிருந்து ஒரு மூடன் பந்தை மைதானத்துக்கே திருப்பி எறிகிறான். மாண்ட்ரியலில் பச்சைக் குழந்தைகூட இதைச் செய்யாது. இயக்குநரின் அறியாமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?’

அவர் எழுதிய நேரத்தில் காமிரா நகர்ந்து, பக்கத்தில் மயில்கழுத்து நிறப் பட்டுக்கு மேல் கோட்டுப் போட்டிருந்த ஒரு பெண்ணின் முகத்தில் போய் நின்றது. அவள் சிரிக்கிறாள். ஐந்து விநாடி, திரை நிறைய. தியேட்டரே அவளோடு சேர்ந்து சிரித்தது. கோவிந்தராஜன் நிமிர்ந்தபோது அடுத்த காட்சி வந்திருந்தது.

படத்திலேயே நிஜமாக நடந்த ஒரே காட்சி அது.

*முதல் படியில் சாம்பல் கோட்டு என்று எழுதி, பிறகு மாற்றினேன். எங்காவது சாம்பல் மிச்சமிருந்தால் எனக்குக் கடிதம் எழுதிச் சந்தோஷப்படவும்.

5

தமிழ் டைப்ரைட்டர் கிடைக்காத ஊரில் பேரவையின் அச்சகம் சியாமளாவின் கையெழுத்துதான். சமையலறை மேஜையில் மெழுகுத் தாளை விரித்து, இரும்பு எழுத்தாணியால் கீறிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு முடிந்ததும் நிறுத்தினாள்.

“ஏங்க, இந்த இருபத்து மூணை எடுத்துடலாமா?”

“எதுக்கு? கட்டுரைக்கே அதுதானே மகுடம். மத்ததெல்லாம் கவனக்குறைவு. இது அறியாமை.”

“அந்த ஆளு யாருன்னு சரியாப் பாத்தீங்களா?”

“எவனோ துணை நடிகன். வெஸ்ட் இண்டீஸ்காரனா இருப்பான். மணிக்கட்டை மடக்கி எப்படி வீசறான், கிரிக்கெட் பைத்தியம்.”

“நல்லாத்தான் வீசினாரு.”

“வீசினாராமே. அந்த முட்டாளுக்கு மரியாதை வேறயா?”

சியாமளா எழுத்தாணியின் முனையைத் துடைத்தாள். “பக்கத்துல ஒரு பொம்பளை இருந்தாளே.”

“எந்தப் பொம்பளை?”

(இந்த இடத்தில் அவள் மனத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கடல், அலை, கரை எல்லாம் வந்தது. கிழித்துவிட்டேன்.)

அதுவரை அவரைக் காப்பாற்றத்தான் நினைத்திருந்தாள். இப்போது அது எதற்கு என்று அவளுக்கே மறந்துபோயிற்று. 24 என்று கீறினாள். கோவிந்தராஜன் தம் கட்டுரையைச் சரிபார்ப்பதில்லை. அதற்கு அவசியம் நேர்ந்ததே இல்லை.

தாள்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த மறுநாள் தொலைபேசி வந்தது. கர்க்லாண்ட் புறநகரிலிருந்து டாக்டர் மணிவாசகம். இதய நிபுணர், பேரவைத் தலைவர் பதவிக்குக் கோவிந்தராஜனின் எதிர் வேட்பாளர்.

“ஏம்மா, தாள்ல இருபத்து மூணு காணோமே?” என்றார். துடிப்பு ஒன்று விட்டுப்போனால் கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு.

சியாமளா ஒரு கணம் கூடத்தைப் பார்த்தாள். கோவிந்தராஜன் பந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை பேரவைக் கூட்டத்துல பேசறப்போ அதை மட்டும் நேர்ல சொல்லணும்னு வெச்சிருக்காரு, டாக்டர்.”

“அப்படியா. சரிம்மா. அன்னிக்குப் போட்டுக் காட்டப் படத்தோட சின்ன பிரிண்ட் வருது. புரொஜெக்டர் என்னுது. சார் நிறுத்தச் சொல்ற இடத்துல எல்லாம் நிறுத்தறேன். அவர் பேச்சு எடுபட்டா நானே போட்டியிலேர்ந்து விலகிக்கறேன். போதுமா?”

6

சனிக்கிழமை மத்தியானம். கிளம்பும்போது கோவிந்தராஜன் பந்தையும் செம்பையும் பையில் வைத்துக்கொண்டார். பேச்சுக்கு நடுவே தூக்கிக் காட்ட வேண்டுமாம். இருபத்து மூன்றை நேரில் சொல்வதற்கென்றே தாளில் விட்டுவைத்ததாகச் சியாமளா சொல்லியிருந்தாள்; அது தம் யோசனைதான் என்று அதற்குள் நம்பிவிட்டார். சியாமளா மயில்கழுத்துப் பட்டு உடுத்தி வந்து நின்றாள்.

“புதுசா?” என்றார்.

“இல்லீங்க. பழசு.”

மாதாகோயில் ஒன்றின் நிலவறைக் கூடம். பேரவையின் பெயர்ப் பலகை, குத்துவிளக்கு, பிரெஞ்சில் ‘புகைபிடிக்காதீர்’. படம் ஓடியது, நின்றது, ஓடியது. கோவிந்தராஜன் நீண்ட குச்சியோடு திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிழையாகச் சுட்டினார். பத்தாவது பிழைக்குமேல் மக்கள் நகைச்சுவைப் படத்தைப் பார்த்துக் கைதட்டினார்களே தவிர, யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பதவி அவர் மடியில் வந்து விழுந்தாயிற்று.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) அந்த இடத்தில் புரொஜெக்டர் பல்பு எரிந்துபோகிறது. எழுதுகிறவன் கோழையாகும் இடத்தில்தான் கதைகளில் பல்பு எரிந்துபோகும். அடித்துவிட்டேன்.

ஆ) கோவிந்தராஜன் தம்மை அடையாளம் கண்டு, கண் கலங்கி, ‘சியாமளா, உன்னைப் பார்க்காமலே ஆறு வருஷம்—’ இந்த மாதிரி பேசும் பொறியாளரை நான் சந்தித்ததில்லை.

இ) கூடம் கொல்லென்று சிரிக்கிறது, மணிவாசகம் தலைவராகிறார். நியாயமான முடிவு. ஆனால் மணிவாசகத்தின் பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன்.

எனவே இவ்வளவுதான் என்னால் முடியும்:

“அடுத்தது இருபத்து மூணு,” என்கிறார் கோவிந்தராஜன். “தாள்ல இல்லை. ஆய்வோட மகுடம் இதுதான். கண் கொட்டாமப் பாருங்க. நான் சொன்னதும் நிறுத்துங்க, டாக்டர்.”

திரையில் பழுப்புக் கோட்டுக்காரர் பந்தைப் பிடித்துவிட்டார். கை பின்னால் போகிறது. டாக்டரின் விரல் விசையில். முதல் வரிசையில் சியாமளா முந்தானையைச் சரியாக இழுத்து மடியில் விரித்துக்கொண்டு, திரையை அல்ல, தன் கணவரின் முகத்தைப் பார்க்கிறாள். குச்சி உயர்கிறது. இன்னும் இரண்டு விநாடியில் திரையில் அவள் வருவாள்.

இங்கே நிறுத்தச் சொல்வதா, ஓட விடுவதா? அவர் இந்தத் தடவையாவது குனியாமல் பார்ப்பாரா? நீங்களே முடிவு செய்யுங்கள். விசை உங்கள் கையில்.

முடிவு செய்ய உதவுமென்றால், ஒரே ஒரு தகவல். அவர் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த செம்பின் வாயில் உட்கார்ந்திருந்தது பேஸ்பால் பந்து அல்ல. அதைவிடப் பெரியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் சாஃப்ட்பால் பந்து.