தனி ஆளை ஏற்றாத சைக்கிள்

1984ஆம் ஆண்டு ஆனி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, ரொறொன்ரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினான்காம் தளத்தில் கந்தப்போடியின் சைக்கிளுக்குக் கலியாணம் நடந்தது. அன்று முதல் அது தனி ஆளை ஏற்றவில்லை. குருக்களை அழைத்தது என்னவோ வாகனப் பூசைக்குத்தான். பொட்டு வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசித்து, ஒரு கற்பூரம் காட்டினால் முடிகிற காரியம். ஆனால் குருக்கள் வார நாட்களில் டோனட் கடையில் மா குழைப்பவர். அந்த மாதம் மட்டும் நான்கு கலியாணம் செய்துவைத்துக் களைத்திருந்தார். வாயைத் திறந்ததும் கலியாண மந்திரம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் துண்டு கட்டிய கயிற்றை ஹாண்டிலில் மூன்று முடிச்சுப் போட்டார், அட்சதை தூவச் சொன்னார், எல்லோரும் பக்தியோடு தூவினார்கள். "அம்மி எங்கே?" என்று அவர் கேட்டபோதுதான் வந்திருந்தவர்களுக்கு விளங்கியது. யாருக்கும் யாருக்கும் கலியாணம் என்று ஒரு கேள்வி எழுந்தது. குருக்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் என்று சொல்லி, வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

மந்திரத்தின் முதல் வரியிலேயே பிழையைக் கண்டுபிடித்த ஒரு ஆள் அங்கே இருந்தது. கந்தப்போடியின் மனைவி கோணேஸ்வரிதான். சொல்லியிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றிருக்கும். ஆனால் அவள் புருஷனோடு கதைப்பதில்லை. மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டபோது லண்டனில் இருக்கும் தங்கச்சி நாகமணியிடம் போகிறோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மனுசன் ஒரு வார்த்தை கேட்காமல் கனடாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார் என்பது பிளேன் ஏறிய பிறகே தெரிந்தது. 1983 மார்கழியில் விமான நிலையத்துக் கதவு திறந்து பனி முகத்தில் அடித்தபோது, "ஒங்கட கனடாவில நீங்களே இரிங்க" என்றாள். அதோடு சரி. பிள்ளைகளும் இல்லை, இடையில் நின்று சொல்லக்கூட ஆளில்லை. சட்டி மூடியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் சாப்பாடு ஆயத்தம், இரண்டு தட்டினால் உப்பு முடிந்துவிட்டது. லண்டன் விசாவுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தாள். பூசையன்றும், அவருடைய சைக்கிள், அவருடைய குருக்கள் என்று தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்துவிட்டாள்.

சைக்கிள் ஸ்பதைனா வீதிச் சீனக் கடையில் வாங்கியது. 'வெள்ளைக் கொக்கு' என்று பெயர். கன்னங்கரேலென்ற நிறம், இருபத்தெட்டு அங்குலச் சில்லு, கம்பிப் பிரேக், செயினை முழுதாக மூடிய தகரப் பெட்டி, கட்டில் போல ஸ்பிரிங் வைத்த சீற், இருபத்தாறு கிலோ பாரம். பக்கத்து வீட்டு இராஜரட்ணம் யாழ்ப்பாணத்தில் இங்கிலாந்துச் சைக்கிள் வைத்திருந்தவர். அந்தப் பெருமை அவருக்கு மாரிக்கு ஒரு கோட்டுப் போல உதவியது. சீனத்துச் சாமான் என்றதும் மூக்கைச் சுளித்தார். சைக்கிள் நகரவில்லை என்றதும் அந்த மூக்கு இன்னும் உயர்ந்தது. கந்தப்போடி ஏறி இருந்தால் பெடல் சுவர் மாதிரி நிற்கும். இறங்கினால் தானாகச் சுற்றும். இராஜரட்ணம் மூன்று சனிக்கிழமை அதைக் கழற்றிப் பூட்டினார், கிறீஸ் பூசினார், நாலு நல்ல வார்த்தையும் நாலு கெட்ட வார்த்தையும் சொன்னார். "அண்ணை, உது சைக்கிள் இல்லை, இரும்பாலை செய்த கழுதை. கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ" என்று கையைத் துடைத்தார்.

புருஷனும் மனைவியும் ஒரே இடத்தில்தான் வேலை செய்தார்கள்: ஈஸ்ரேண் அவனியூவில் ஹோட்டல் துணிகள் வெளுக்கும் பெரிய லோண்டரி. ஒரே நேரத்து வேலைக்கு, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில், வெவ்வேறாகப் போய்வந்தார்கள். புரட்டாதியில் ஒரு காலை பார்லிமென்ற் வீதியில் ஸ்ரீற்கார் எல்லாம் நின்றுவிட்டது. இருவருக்கும் ஏற்கெனவே இரண்டு முறை பிந்திய குற்றம். மூன்றாவது முறை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கந்தப்போடி வேறு வழியில்லாமல் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவந்து, ஏறி, பெடலோடு மல்லுக்கட்டினார். கோணேஸ்வரி தரிப்பிடத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து, சேலையை ஒதுக்கி, சீற்றுக்கு முன்னால் இருக்கும் பாரில் ஏறி இருந்தாள். சைக்கிள் வெண்ணெயில் கத்தி போலப் புறப்பட்டது. அவள் கொண்டை கண்ணை மறைத்ததில் அவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜெறாட் வீதிச் சந்தி வந்தது.

"சிவப்பு!" என்று கத்தினாள் கோணேஸ்வரி.

ஒன்பது மாதத்தில் அவள் அவருக்குச் சொன்ன முதல் சொல் அது. கந்தப்போடிக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் பிரேக்கைக் கொஞ்சம் பிந்தித்தான் பிடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் போனார்கள். பாரில் இருக்கிறவள் பாதை சொல்லாமல் முடியாது. பாதை சொல்லத் தொடங்கினால் மற்றதும் வரும். முதல் வாரம் சிவப்பு, பச்சை, குழி, பஸ். ஐப்பசிக்குள் அவருடைய குறட்டை, அவருடைய தாயின் வாய், கேட்காமல் எழுதிப் போட்ட கனடா. மனுசன் முதுகு வியர்க்க மிதித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் ஏச்சு வாங்கியதில்லை. அடுத்த வருஷம் ஒரு பொலிஸ்காரன் டபிள் போவது குற்றம் என்று மறித்தான். சைக்கிளைக் கைப்பற்றிக்கொண்டு போக ஏறினான், அது அசையவில்லை. கூட நின்றவனைப் பாரில் ஏற்றியதும் இருவரும் ஒரு சந்தி வரை ஜோராகப் போய், ஆட்கள் சிரிப்பதைக் கண்டு, முகம் சிவந்து திரும்பிவந்து ஒப்படைத்தார்கள். அதன் பிறகு எந்தப் பொலிஸும் மறிக்கவில்லை.

1986 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழஞ்சைக்கிள் சங்கத்துக்காரர் எதிர்ப்பட்டார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர், முழங்கால் வரை கம்பளிச் சொக்ஸ், அந்த வெயிலில் கழுத்துப்பட்டி. தலைவர் ஹரிங்ரன் யூனியன்வில்லில் இருக்கும் பல் வைத்தியர். ஆறடி உயரம், மனைவி விட்டுப்போய் நாலு வருஷம். சைக்கிளைக் கண்டதும் மனுசன் நடைபாதையில் முழந்தாளிட்டுவிட்டார். கம்பிப் பிரேக்கைத் தடவினார், தகரப் பெட்டியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எந்த வருஷத்தது, முப்பத்திரண்டா முப்பத்திநாலா என்று கேட்டார். எண்பத்துநாலு என்றார் கந்தப்போடி. சங்கத்தில் ஒருவர் உண்மையாகவே அழுதார். விஷயம் இதுதான்: இவர்களுடைய பாட்டன்மார் ஓடிய சைக்கிளை இங்கிலாந்துக்காரன் செய்யாமல் விட்டு எத்தனையோ காலம், அதே சைக்கிளைச் சீனத்தில் யாரோ, நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லாததால், ஒரு ஆணியும் மாற்றாமல் இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறான். துருப்பிடித்ததைத் தேடிப் பழைய கொட்டில்களில் தவழ்ந்தவர்களுக்கு, பிளாஸ்ரிக் உறை கழற்றாத பழசு கிடைத்தால் எப்படி இருக்கும்? அடுத்த கிழமையே ஸ்பதைனா வீதியில் இருந்த வெள்ளைக் கொக்கு முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். "உவங்களுக்கு விசர்" என்றார் இராஜரட்ணம். ஆனால் தன் இங்கிலாந்துச் சைக்கிள் கதையை அன்றிலிருந்து கொஞ்சம் சத்தம் குறைத்தே சொன்னார்.

மற்ற வெள்ளைக் கொக்கெல்லாம் யார் ஏறினாலும் சொன்னபடி கேட்டன. ஹரிங்ரனுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்குத் தனி ஆளை ஏற்றாத அந்த ஒன்றுதான் வேண்டும். அதற்கு ஒரு குணம் இருக்கிறது என்றார். மாற்றாகத் தன் இரண்டாவது காரைத் தருவதாகச் சொன்னார். நீலக் கார், ஹீற்றர் நல்லாக வேலை செய்யும். கட்டடமே கந்தப்போடிக்குப் புத்தி சொன்னது. பாவம், அவரும் யோசித்தார்: போன மாரியில் பாரில் இருந்ததில் கோணேஸ்வரியின் முழங்கால் விறைத்துப்போனது, நாலு நாள் ஒத்தடம் கொடுத்தாள். அவளுக்கு ஒரு சூடான சீற் வேண்டும் என்று மனம் நிறைய ஆசைப்பட்டார். லைசென்ஸ் எடுத்தார், ஐப்பசியில் சைக்கிளைக் கொடுத்தார், காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டு, அவளைக் கூட்டிவந்து காட்டினார். கேட்கத்தான் மறந்துபோனார். சில மனுசருக்கு ஒரே பிழையை இரண்டு தரம் செய்தால்தான் அது பிழை என்று தெரியும். இவருக்கு அப்போதும் தெரியவில்லை.

கோணேஸ்வரி காரைச் சுற்றிப் பார்த்தாள். பின்கதவைத் திறந்து பின்சீற்றில் ஏறி இருந்தாள். அந்த மாரி முழுவதும் ஹீற்றர் கதைத்தது, றேடியோ கதைத்தது, அவள் கதைக்கவில்லை. சட்டி மூடித் தட்டு மறுபடி தொடங்கியது. பங்குனியில் லண்டன் விசா வந்தது. தங்கச்சி வைகாசி ஒன்பதாம் திகதிக்கு ரிக்கற் அனுப்பினாள், இரவு எட்டரைக்குப் பிளேன். கந்தப்போடி அதைச் சுவரில் நாட்காட்டியில் பார்த்தார், தினமும் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கப் பயந்தார்.

ஒன்பதாம் திகதி காலை ஒன்பது மணிக்கே அவள் சூட்கேசோடு கீழே வந்து நின்றாள். அவர் பின்கதவைத் திறந்தார். "இந்தக் காரில நான் ஏற மாட்டன்" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த சொல்.

"பிறகு எதில ஏறுவாய்?"

அவள் சூட்கேசின் மேல் இருந்துகொண்டு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. காரை எடுத்துக்கொண்டு யூனியன்வில்லுக்குப் பறந்தார்.

ஹரிங்ரன் வீட்டு வரவேற்பறையில், கம்பளத்தின் மேல், மஞ்சள் கயிறும் தானுமாகச் சைக்கிள் நின்றது. ஏழு மாதத்தில் அது ஒரு அடி ஓடவில்லை. டபிள் போனால்தான் ஓடும் என்று ஹரிங்ரனுக்குத் தெரியும். ஆனால் கழுத்துப்பட்டி கட்டிய ஆண்கள் ஒருவர் பாரில் மற்றவர் இருப்பது சங்கத்துக்கு மரியாதையில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. கந்தப்போடி கார்த் திறப்பை மேசையில் வைத்து, மனைவி போகிறாள் என்றார். பல் வைத்தியர் சைக்கிளின் ஹாண்டிலை அவர் பக்கம் திருப்பிவிட்டார். பிறகுதான் இருவருக்கும் இன்னொன்று உறைத்தது: இதைத் தனி ஆளாகக் கொண்டுபோக முடியாது. ஹரிங்ரன் சொக்ஸை இழுத்துவிட்டு, ஆறடி உடம்பை மடித்துப் பாரில் ஏறினார். யூனியன்வில்லிலிருந்து நகரம் வரை, கென்னடி வீதி நெடுக, ஒவ்வொரு சந்தியிலும் அவரே மணி அடித்தார். வழிநெடுகத் தன் மனைவி போன கதையைச் சொன்னார். கந்தப்போடிக்குப் பாதி ஆங்கிலம் விளங்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். வாசலில் இறங்கியபோது, இருபது வருஷத்தில் இப்படி ஒரு நாள் வரவில்லை என்று சொல்லி, கோணேஸ்வரிக்குத் தொப்பியைக் கழற்றி வணங்கி, பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் தன் கிளினிக்கில் வேலை செய்த ஒரு விதவையைக் கட்டினார். ஞாயிறுகளில் சைக்கிளை இரவல் வாங்க இருவராகவே வருவார்கள்.

நாலு மணிக்கு, சூட்கேஸ் கரியரில், கோணேஸ்வரி பாரில், விமான நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். வெள்ளைக் கொக்குக்கு அவசரம் என்பது தெரியாது. சீனத்தில் அதற்கு யாரும் அதைப் பழக்கவில்லை. ஏழு மாதத்துப் பேச்சு அவளிடம் சேர்ந்திருந்தது. கார் வாங்கமுன் கேட்டீங்களா? கனடாவுக்கு எழுதமுன் கேட்டீங்களா? எண்ட வாயில என்ன கொழுக்கட்டையா இரிந்த? அவர் மிதித்தார். இடையில் ஒரு தரம் காற்றுப் போய், ஒட்டிப் பம்ப் அடித்தார்கள்; இன்னொரு தரம் தேநீர் குடித்தார்கள். டிக்சன் வீதிக்கு வந்தபோது ஒன்பது மணியாகப் போகிற நேரம். ஒரு பெரிய விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு ஏறியது. கோணேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள்.

"அது எண்ட பிளேனா?"

"ஓம் போலதான் கிடக்கு."

கந்தப்போடி பிரேக்கைப் பிடித்தார். சந்தியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒன்றைச் செய்யமுன் அவளிடம் கேட்டார். "கோணேசு, இப்ப எங்கால திரும்புற? நீ சொல்லு."

"முதல்ல சிவப்பைப் பாருங்க" என்றாள். பச்சை விழுந்த பிறகு சொன்னாள்: "வீட்டுக்குத்தான். விடியவே தோசைக்கு உழுந்து ஊறப் போட்டிட்டுத்தான் வந்த நான்."

வீட்டுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர். சைக்கிளுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டது, இரண்டு பேர் இருந்தார்கள், அது ஓடியது.