ஐந்து வருட முன் அனுபவம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குப் போன தையல்காரியின் மகள், காலை பத்து மணிக்கு இருபத்திரண்டு வயதோடு உள்ளே போய், பத்தே முக்காலுக்கு இருபத்தேழு வயதோடு வெளியே வந்தாள். விளம்பரத்தில் 'ஐந்து வருட முன் அனுபவம் அவசியம்' என்று போட்டிருந்தது. மேலாளர் அந்த அனுபவத்தைக் கேட்டார், கேட்டதும் உட்கார்ந்த நாற்காலியிலேயே அவளுக்கு ஐந்து வருடமும் கழிந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் அப்போது இது சகஜம். வேலை என்னவோ முதலாளியின் மச்சானுக்குத்தான் போயிற்று. மச்சான்மார்களிடம் யாரும் அனுபவம் கேட்பதில்லை என்பதால் அவர்களுக்கு ஒரு முடிகூட நரைத்ததில்லை. மகராசன்கள், நன்றாக இருக்கட்டும்.

தையல்காரிக்கு வெள்ளெழுத்து. ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது மகள்தான். அவளுக்கு ஒரு வேலை கிடைத்தால் மெஷினை மூடிவிடலாம் என்று தாய் காத்திருந்தாள். மகளும் சளைக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு எட்டு வருடம் கேட்டது, மருந்துக் கம்பெனி பத்து வருடம் கேட்டது. ஒவ்வொரு முறையும் தாய் அதே நேர்காணல் சட்டையை இடுப்பில் பிரித்துவிட்டுத் தைத்தாள். மருந்துக் கம்பெனியிலிருந்து திரும்பியவளைப் பார்த்து, "வாங்கக்கா, அளவு குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். அப்புறம்தான் அடையாளம் தெரிந்தது. "ஐயோ, என் வயித்துல பொறந்தவளே!" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். மகளுக்கு அன்று நாற்பத்தைந்து, தாய்க்கு நாற்பத்து மூன்று. வட்டாரத்தில் அனுபவசாலிகள் பெருகிவிட்டதாக வேலைவாய்ப்பு அதிகாரி அந்தக் காலாண்டு அறிக்கையில் பெருமையோடு எழுதினார்.

பெட்டித் தொழிற்சாலை மறுபடி ஆள் எடுத்தது. மேலாளர் காகிதங்களைப் புரட்டினார்.

"அனுபவம் பிரமாதம்மா. ஆனா முப்பதுக்கு மேல நாங்க எடுக்கறதில்ல."

"அதுல அஞ்சு வருஷம் நீங்க ஏத்தினதுதானே தம்பி? அதையாவது திருப்பி எடுத்துக்கங்க."

மேலாளர் நல்ல மனிதர். விதிப்புத்தகம் முழுவதும் தேடிப் பார்த்தார். "சேர்க்கத்தான் விதி இருக்கு, கழிக்க இல்லையேம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மகள் மெஷினில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கும் வெள்ளெழுத்து. இரண்டு பேரும் மாறி மாறி நூலை எச்சில் தொட்டு முறுக்கியும் ஊசிக் காதில் நுழையவில்லை. தெருவில் எல்லோரும் அவர்களை அக்கா தங்கை என்றே நினைத்தார்கள். "பெரியவ அவதான்" என்று சொல்லத் தாயும் பழகிவிட்டாள். கடைசியில் தையல் கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'நூல் கோர்க்க ஆள் தேவை. கண் தெரிந்தால் போதும், முன் அனுபவம் வேண்டாம்.' மறுநாள் வரிசை பெட்டித் தொழிற்சாலையின் கேட் வரை நின்றது. வந்தவர்கள் அத்தனை பேரும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்கள்.