கிளறிற்றாவுக்குப் புத்தி வந்துவிட்டதா?

கிளறிற்றாவின் வலது கையைப் பற்றி மங்கைக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அப்படி எறிகிற கை லண்டனில் இன்னொரு பெண்ணுக்கு இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வாள். அவளுக்குச் சந்தேகமெல்லாம் அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் தலையைப் பற்றித்தான்.

இந்தக் கதையெல்லாம் ஹரோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் ஆரம்பித்தது. பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, வகுப்பு முடியும்வரை அம்மாக்கள் காருக்குள் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். மங்கைக்கு அது பொறுக்கவில்லை. கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு எறிபந்து ஆடியவள். இங்கே வங்கியில் தணிக்கைப் பிரிவில் வேலை, சும்மா உட்காருவது உடம்புக்கு ஆகாது. பள்ளிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஃப்ளாக் ஃபுட்பால் ஆட ஆரம்பித்தாள். ஆறு வருடத்தில் அது 'ஹரோ கரிச்சான்கள்' என்ற அணியாகி, லீக்கில் பெயர் பதிந்து, இரண்டாம் பிரிவில் மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அமெரிக்கர்கள் முட்டி மோதி ஆடும் ஃபுட்பாலின் சாதுவான தங்கை இந்த ஆட்டம். பக்கத்துக்கு ஐந்து பேர். எல்லார் இடுப்பிலும் துணிப்பட்டை தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் பட்டையை எதிரணிக்காரி உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றது. பந்தை எறிகிறவள்தான் குவாட்டர்பேக். அவள் எறிந்ததை மைதானத்தின் கடைசிக் கட்டத்துக்குள் நம்மவள் பிடித்தாலோ, பிடித்துக்கொண்டு அதற்குள் ஓடினாலோ ஆறு புள்ளி. எதிரணிக்காரி பிடித்தால் பந்து அவர்களுக்கு, தலைவலி நமக்கு.

கிளறிற்றா இல்ஃபோர்டில் மருந்தாளராக வேலை பார்ப்பவள். ஹரோவில் இருக்கும் அக்காவின் மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிவந்த ஒரு சனிக்கிழமை, தன் காலடிக்கு உருண்டு வந்த பந்தை எடுத்துத் திருப்பி எறிந்தாள். அதைப் பிடித்த மங்கைக்கு உள்ளங்கை எரிந்தது. பெயரைக் கேட்பதற்கு முன்னால் "சட்டை சைஸ் என்னம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

தொல்லை என்னவென்றால், கிளறிற்றாவுக்குச் சுலபமான வழி கண்ணில் படவே படாது. பக்கத்தில் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு தனியாக நிற்பாள். இவளோ தூரத்தில் மூன்று எதிரிகளுக்கு நடுவே சிக்கி நிற்பவளைத் தேடிப் போய் எறிவாள். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால் மைதானமே கூத்தாடும். சேராவிட்டால் மங்கைக்கு இரத்தக் கொதிப்பு. போன வருட இறுதி ஆட்டத்தில் சேரவில்லை. முன்னிலையில் இருந்தார்கள், பந்தைப் பத்திரமாக வைத்திருந்தாலே போதும். ஏதோ ஒரு இடைவெளியைக் கண்டேன் என்று எறிந்தாள். எதிரணிக்காரி பிடித்தாள், ஓடினாள், ஆட்டம் போயிற்று.

அன்று கார் நிறுத்துமிடத்தில் எல்லார் முன்னாலும் மங்கை அவளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "உனக்கெல்லாம் எப்பத்தான் புத்தி வரும்? ஒரு ஆள் ஆட்டம் காட்டணும்னா சர்க்கஸ்ல போய்ச் சேரு!" என்று கத்திய கத்தலில், தாய்மார்கள் சிலர் இந்த வம்பே வேண்டாமென்று அணியை விட்டே போய்விட்டார்கள். கிளறிற்றா பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள்.

குளிர்காலத்தில் திரும்பி வந்தாள். வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். இந்த வருடம் முழுக்க ஒரு பந்தைக்கூட எதிரணி கையில் கொடுக்கவில்லை. எல்லாம் கிட்டத்து எறி, பத்திரமான எறி. கிளறிற்றாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அணியே மெச்சியது. மங்கை மட்டும் நம்பவில்லை. வாங்கிய திட்டில் அடங்கிக் கிடக்கிறாளா, நிஜமாகவே பக்குவப்பட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தாக வேண்டிய கட்டாயமும் வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்துபோனதால் இதோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். இந்த வருட இறுதி ஆட்டம் முடிந்ததும் மங்கை புதிய கேப்டனைச் சொல்லவேண்டும். ஒன்று கிளறிற்றா, அல்லது நிதானமான ஓவியா. தப்பான ஆளிடம் கொடுத்தால், மறுபடி ஒரு சண்டை, மறுபடி நாலு பேர் விலகல், அதோடு அணி கலைந்துவிடும். கோப்பையைவிட மங்கைக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

இறுதி ஆட்டம் குரோய்டன் அணியோடு, அவர்கள் மைதானத்தில். மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை.

கரிச்சான்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு, அது மங்கையின் மூளையில் உதித்தது. மற்ற அணிகள் ஒவ்வொரு எறிக்கும் முன்னால் கூடிக் குசுகுசுத்து நேரத்தை வீணாக்கும்போது, இவர்கள் நின்ற இடத்திலிருந்தே திட்டத்தைத் தமிழில் கத்துவார்கள். 'புட்டு' என்றால் கிட்டத்து எறி. 'இடியப்பம்' என்றால் எல்லாரும் குறுக்கும் நெடுக்குமாக ஓடவேண்டும். 'கொத்து' என்றால் தூரத்து எறி. எதிரணியில் கறுப்புத் தலை தெரிகிறதா என்று மங்கை முதலில் ஒரு நோட்டம் விடுவாள். தமிழ் முகம் இல்லையென்றால் கூசாமல் கத்தலாம் என்பது அவள் முடிவு. அன்றும் நோட்டம் விட்டாள். ஒரு தமிழ் முகமும் இல்லை.

ஆனால் அன்று எதுவும் பலிக்கவில்லை. 'புட்டு' என்றால் முகமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு செம்பட்டை முடிக்காரி முன்னால் வந்து நின்றாள். 'கொத்து' என்றால் அவளே பின்னால் ஓடினாள். பாதி ஆட்டம் முடியும்போது கரிச்சான்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தார்கள்.

இடைவேளையில் கிளறிற்றா மங்கையிடம் வந்தாள். "அக்கா, அந்தச் செம்பட்டை முடிக்காரிக்குத் தமிழ் விளங்குது."

"யாரு, அந்த வெள்ளைக்காரிக்கா?"

"ஓம் அக்கா. நாங்கள் சொல்லி முடிக்க முதல் அவ ஓட வெளிக்கிட்டிடுறா."

மங்கைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பந்து சரியாப் போகலைன்னா போகலைன்னு சொல்லு கிளறிற்றா. புட்டு, கொத்துன்னா என்னன்னு குரோய்டன் வெள்ளைக்காரிக்கு எப்படித் தெரியும்? இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

பழைய கிளறிற்றா என்றால் தண்ணீர்ப் போத்தலை விட்டெறிந்திருப்பாள். இவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "சரி அக்கா. ஒருக்காச் சோதிச்சுப் பாக்கட்டே? நீங்கள் வேண்டாமெண்டா விடுறன்."

மங்கை அரைமனதாகத் தலையாட்டினாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. கிளறிற்றா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓவியாவிடம் ஊர்க்கதை பேசுகிறவள் போல, வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அங்க நிக்கிற செம்பட்டை முடிக்காரியின்ர இடது சப்பாத்துக் கயிறு அவிண்டு கிடக்குது. பாவம், விழப்போறா."

செம்பட்டை முடிக்காரி சட்டென்று குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். கயிறு ஒழுங்காகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அவள் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

"சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள் அவள். "என்ர மாமி யாழ்ப்பாணம். ஞாயிற்றுக்கிழமையில நான்தான் வீட்டில புட்டு அவிக்கிறனான்."

இரண்டு அணியும் சிரித்த சிரிப்பில் நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தார். மங்கைக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. ஆறு வருடமாக முகத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்துகொண்டிருந்தவள் அவள்தானே. இந்த ஊரில் யார் யாருக்கு மருமகளாகியிருக்கிறார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு கரிச்சான்களும் எல்லாரையும் போலக் கூடிக் குசுகுசுத்தார்கள். புள்ளி ஏறியது. கிளறிற்றா அவசரப்படாமல், யார் சும்மா நிற்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அணியை முன்னால் நகர்த்தினாள். கடைசியில் ஐந்து புள்ளி பின்னால், கடைசிக் கட்டம் பத்தடி தூரத்தில், ஒரே ஒரு எறிக்கு நேரம் மிச்சம் என்ற நிலைக்கு ஆட்டம் வந்து நின்றது.

ஐந்து பேரும் தலையோடு தலை சேர்த்து நின்றபோது மங்கைக்குள் ஏதோ புகுந்துகொண்டது. ஆறு வருடம். கடைசி ஆட்டம். கடைசிப் பந்து. அது தன் கையில் விழவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, அடக்க முடியாத ஆசை.

"நான் வலது மூலைக்கு ஓடறேன். தூக்கி எனக்குப் போடு," என்றாள். "வெளிய 'புட்டு'ன்னு கத்து, அவ முன்னாடி வருவா."

"இனி நான் புட்டெண்டு சொன்னா அவ நம்பமாட்டா அக்கா," என்றாள் கிளறிற்றா. "பின்னுக்குத்தான் நிப்பா. உங்கட முழங்காலும்..."

"முழங்கால் என்னுது. நீ போடு."

"பாக்கிறன் அக்கா."

"பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குப் போடு!"

பத்திரமாக எறி, பத்திரமாக எறி என்று ஆறு வருடம் தொண்டை வற்றக் கத்தியவளின் வாயிலிருந்துதான் இது வந்தது. மங்கை அதைக் கவனிக்கவில்லை.

"புட்டு!" என்று கிளறிற்றா மைதானம் அதிரக் கத்தினாள். யாழ்ப்பாணத்து மருமகள், இனிமேல் ஏமாறுவேனா என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். மங்கை ஓடினாள். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. மூலைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை! எதிரணிக்காரிகள் ஒருத்தியும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மங்கைக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் சந்தோஷம். இரண்டு கையையும் தூக்கி, "இங்க! இங்க போடுடி!" என்று அலறினாள்.

கிளறிற்றா அவளைப் பார்த்தாள். நேராக, நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பந்தை ஓவியாவுக்குப் போட்டாள். எதிரில் ஆளில்லாத இடத்தில், குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி மெதுவாக. சொன்னபடியே புட்டு. ஓவியா வாங்கித் திரும்பினாள், பட்டையைப் பிடிக்க நீண்ட ஒரு கைக்கு இடுப்பை வளைத்துத் தப்பி, கட்டத்துக்குள் பாய்ந்தாள். நடுவரின் இரண்டு கையும் மேலே போயின. ஒரு புள்ளியில் வெற்றி.

எல்லாரும் ஓவியாவின் மேல் விழுந்து புரண்டார்கள். மங்கையும் வந்து கட்டிப்பிடித்தாள், ஆனால் உள்ளே பொருமிக்கொண்டிருந்தது. அணியிலேயே வாய் நீளமான சுவர்ணா கேட்டுவிட்டாள்: "மங்கை அக்கா மூலையில தனிய நிண்டு கத்தினவ எல்லே. நீ காணேல்லையே?"

"காணேல்லை," என்றாள் கிளறிற்றா. "வெயில் கண்ணுக்குள்ள அடிச்சுப்போட்டுது."

அன்று காலையிலிருந்து லண்டனில் வெயில் என்ற ஒன்று இல்லவே இல்லை. மங்கை அவள் கையைப் பிடித்துத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கிட்டப் பொய் சொல்லாத. என் கண்ணைப் பார்த்தே. எனக்குக் கொடுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினியா? போன வருஷக் கோபமா?"

கிளறிற்றா பின்னால் திரும்பி, யாருக்கும் கேட்காத தூரம்தானா என்று பார்த்துக்கொண்டாள்.

"கண்டனான் அக்கா. கோபமெண்டு ஒண்டுமில்லை," என்றாள், குரலை நன்றாகத் தாழ்த்தி. "நீங்கள் கோட்டுக்கு வெளியில நிண்டனீங்கள். ரெண்டு காலும். பிடிச்சிருந்தாலும் செல்லாது."

மங்கை நொண்டி நொண்டி மூலைக்குப் போய்ப் பார்த்தாள். ஈரப் புல்லில் அவளுடைய சப்பாத்துத் தடம் அச்சுக் குத்தினாற்போல் பதிந்திருந்தது, வெள்ளைக் கோட்டைத் தாண்டி முழுசாக ஒரு முழம் வெளியே. ஒருத்தியும் பக்கத்தில் வராததற்குக் காரணம் இப்போது விளங்கியது. மைதானத்துக்கு வெளியே நிற்பவளை எவள் மெனக்கெட்டுக் காவல் காப்பாள்?

திரும்பி வந்து, "இதை ஏன் அவங்க கேட்டப்ப சொல்லல?" என்றாள்.

"உங்கட கடைசி ஆட்டம் அக்கா. எல்லாருக்கும் முன்னால சொல்லுற விசயமே அது?"

குத்திக்காட்டவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் மங்கைக்கு அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. கார் நிறுத்துமிடமும், தன் கத்தலும், பையோடு ரயிலுக்கு நடந்த பெண்ணின் முதுகும் கண்முன் வந்தன. வெட்கத்தில் முகம் எரிந்தது. புத்தி யாருக்கு வரவில்லை என்று ஒரு வருடமாகத் தப்பான ஆளைப் போட்டு அளந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"எல்லாரும் இங்க வாங்க!" என்று கத்தினாள். குரோய்டன்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். "வெயிலுமில்ல, ஒண்ணுமில்ல. நான் கோட்டுக்கு வெளிய நின்னு கத்திட்டிருந்தேன். இவ பேச்சைக் கேட்காம எனக்குப் போடுன்னு அடம் பிடிச்சது நான்தான். போட்டிருந்தா நாம தோத்துட்டு இந்நேரம் வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்."

சுவர்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மங்கையும் கூடச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. போன வருஷம் இவளை எல்லார் முன்னாடியும் திட்டினேன். அதனால இதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும். அது தப்பு, கிளறிற்றா. என்னை மன்னிச்சுக்கோ. இனிமே கேப்டன் நீதான்."

கிளறிற்றா ஓவியாவைப் பார்த்தாள். ஓவியா முதல் ஆளாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். சுவர்ணா கொண்டுவந்து கொடுத்த வெற்றிப் பந்தை வாங்கிய கிளறிற்றா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையில் வைத்திருந்த பந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டு போயிற்று. அந்த வருடம் முழுவதும் அவள் கை தவறவிட்ட ஒரே பந்து அதுதான்.