உறையோடு வந்த பயனெட்

அப்பென்செல் ஊரில் ஏப்ரல் கடைசி ஞாயிறு ஊர்ச்சபை. கயிறு கட்டிய வட்டத்துக்குள் வாக்களிக்கப் போகிறவன் இடுப்பு ஆயுதத்தைக் காட்ட வேண்டும், அல்லது வாக்காளர் சீட்டை நீட்ட வேண்டும். வாக்கு, உள்ளே கை தூக்கித்தான். இக்னாஸ் மான்சரின் வீட்டு ஆண்கள் எவரும் மூன்று தலைமுறையாகச் சீட்டு நீட்டியதில்லை. தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த பயனெட்டைக் காட்டித்தான் நுழைவார்கள்.

துப்பாக்கி முனையில் மாட்டுவதற்கு, மரம் அறுக்கவும் உதவட்டும் என்று முதுகில் ரம்பப் பல் வைத்துச் செய்த நீளக் கத்தி அது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள்தான் அதற்கு ஆயுத உத்தியோகம். மற்ற நாட்களில் பாலாடைக்கட்டி வெட்டும், விறகு அறுக்கும். இந்த வருஷம் தொழுவக் கதவின் குறுக்குக்கட்டையில் துளைத்துச் செருகித் தாழ்ப்பாளாக்கியிருந்தார் இக்னாஸ். ஒரு வார மழையில் கட்டை உப்பிவிட்டது. இழுத்தபோது முனை கதவுநிலையை விட்டு வந்தது. பற்கள் கட்டையை விடவில்லை.

"கட்டையை அறுத்து எடுங்களேன்" என்றாள் மனைவி ரெகுலா.

"எதால அறுக்கிறது? ரம்பமே உள்ளதானே மாட்டிக்கிட்டிருக்கு!"

"அப்ப சீட்டை எடுத்துட்டுப் போங்க. நானும் அதைத்தானே காட்டப் போறேன்."

"மான்சர் வீட்டு ஆம்பள காகிதத்த ஆட்டிக்கிட்டு நிப்பானா?"

கீல்களைக் கழற்றிக் கதவைத் தோளில் ஏற்றினார்.

"ஏங்க, மாடுங்க வெளிய வந்துடுமே!"

"நம்ம மாட்டுக்கு மரியாதை தெரியும். நிக்கும்."

வட்டத்தின் வாசலில் காவலன் ஃப்ரிடோலின் வாயைப் பிளந்தான்.

"என்ன பெரியவரே, மிச்ச வீடு பின்னால வருதா?"

"பகடி வேண்டாம்டா. ஆயுதம் கையோட இருக்கணும். இதோ கைப்பிடி தெரியுதில்ல?"

"தெரியுது. இந்தக் கதவு?"

"அது உறை."

ஃப்ரிடோலின் யோசித்தான். உறைக்கு அளவு சொல்லும் விதி எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. கயிற்றைத் தூக்கிவிட்டான். இக்னாஸ் நிமிர்ந்து உள்ளே போனார். கதவு இரண்டு தொப்பிகளைத் தட்டிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று முதல் தீர்மானம், மாட்டைத் தெருவில் அலையவிடுகிறவனுக்கு அபராதம். ஒழுங்கு கெட்ட குடும்பங்களை இக்னாஸுக்கு எப்போதுமே பிடிக்காது. கதவை இடக்கையால் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையை எல்லோருக்கும் முன்னால் உயர்த்தினார்.

அப்போது கழுத்துமணிச் சத்தம் கேட்டது. ஒன்பது மாடுகள் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தன. பின்னால் ரெகுலா, ஒரு கையில் குச்சி, மறு கையில் சீட்டு.

"பெரியவரே, உங்க மாடு! கைய இறக்குங்க, இன்னும் எண்ணல!" என்று ஃப்ரிடோலின் ஓடிவந்து கிசுகிசுத்தான்.

"எங்க வீட்டுக் கை தூக்கினா தூக்கினதுதான். எண்ணு."

எண்ணினார்கள். முன்னால் வந்த மாடு கதவை முகர்ந்து பார்த்தது. தெரிந்த கதவுதான். அதன் பின்னால் போய் அடக்கமாக நின்றுகொண்டது.